ஐப்பசியில் ஒரு காலி வரி

அர்ச்சுனனோடு மலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பதினோரு பிள்ளைகளுக்கும் ஒரே பிறந்த நாள், ஜூன் மாதம் ஒன்றாம் தேதி. ஜவ்வாது மலையில் அன்றைக்குப் பெண்கள் வரிசையில் நின்று பிள்ளை பெற்றார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது பள்ளிக்கூடம் திறக்கிற நாள், அவ்வளவுதான். "புள்ள எப்ப பொறந்தான்?" என்று வாத்தியார் கேட்பார். "சாமை அறுக்கறப்பங்க" என்பான் தகப்பன். "எந்த வருஷம்?" "எங்க செவலை மாட்டைச் சிறுத்தை அடிச்சுதுங்களே, அந்த வருஷம்." வாத்தியார் என்ன செய்வார், பாவம். பதிவேட்டில் சிறுத்தைக்குக் கட்டம் கிடையாது. பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் வயது ஆறு. ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்.

அர்ச்சுனனுக்குப் பிறவியிலேயே நீளக் கை. ஐம்பத்தாறாம் வருஷம் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போடத் தொடங்கியதும் அவன் அப்பா பஞ்சாட்சரம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வாத்தியார் முன்னால் இறக்கினார். அப்போது அவனுக்கு ஐந்துகூட முடியவில்லை. "ஆறு முடிஞ்சி போச்சுங்க" என்று அப்பா அடித்துச் சொன்னார். பையனும் தலையைக் கொஞ்சம் சாய்த்து எட்டிக் காதைப் பிடித்துவிட்டான். அன்று மத்தியானமே வயிறாரச் சாப்பிட்டான். ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒன்றரை வருஷத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று தகப்பனுக்கும் தெரியவில்லை, பிள்ளைக்கும் தெரியவில்லை. பஞ்சாட்சரத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பசித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் நாள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எட்டாவது வரை படித்து முடித்த அர்ச்சுனனுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. காட்டு கார்டு ஆக வேண்டும். காட்டைக் காப்பாற்ற வேண்டும், ஜனங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றெல்லாம் கதை விடுகிறவன் இல்லை அவன். காக்கிச் சட்டை போட வேண்டும், இடுப்பில் பெல்ட் கட்ட வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும். விறகுக் கட்டோடு இறங்கிய அப்பாவைச் சின்ன வயதில் ஒரு கார்டு நடுரோட்டில் நிறுத்தி வைத்து வாய்க்கு வந்தபடி திட்டியதை அவன் பார்த்திருக்கிறான். திட்டு வாங்குகிற பக்கத்தில் பிறந்துவிட்டோம், திட்டுகிற பக்கத்துக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த ஆசையை வைத்துக்கொண்டு சாமைக் காட்டில் உழைத்தான், கூலிக்கு மரக்கன்று நட்டான், செந்தாமரையைக் கட்டிக்கொண்டான்.

எழுபத்தைந்தாம் வருஷம் கார்டு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கீழே டவுனில் நடந்த ஓட்டத்தில் அர்ச்சுனன் முதல் ஆளாக வந்தான். மார்பு அளவு, உயரம், கண் பார்வை எதிலும் குறையில்லை. கடைசியில் பள்ளிச் சான்றிதழைக் கையில் வாங்கிய அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"ஜூலை ஒண்ணாந்தேதி இருபத்தஞ்சு தாண்டி இருக்கக் கூடாதுப்பா. உனக்கு ஜூன் ஒண்ணாந்தேதியே தாண்டிடுச்சு. ஒரு மாசம் கூட."

"நான் ஜூன்ல பொறக்கலீங்க. ஐப்பசிங்க. அதுவும் அம்பத்தொண்ணுல."

"எழுத்துல இருக்கா?"

எழுத்தில் இல்லை. அன்றைக்கு ஓட்டத்தில் நான்காவதாக வந்தவன் பிலிப்ராஜ், அடிவாரத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பையன். அவனுக்கும் பள்ளிச் சான்றிதழில் தப்பான தேதிதான். ஆனால் அவன் பிறந்த மூன்றாம் நாள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து, சாமியார் கொட்டை எழுத்தில் பதிந்து வைத்திருந்தார். அந்தச் சீட்டைக் காட்டினான், காக்கியை வாங்கிக்கொண்டான். அர்ச்சுனனுக்கு வயிறு எரிந்தது. வேலை கிடைத்ததற்குக்கூட அவ்வளவு எரியவில்லை. ஒருவன் பிறந்த நாளை இன்னொருவன் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறான் பார், அதுதான் தாங்கவில்லை.

பிலிப்ராஜ் நல்லவன். "மனசு வுட்டுடாத. உங்க மணியக்காரர் கையில பொறப்புப் புஸ்தகம் இருக்கும். அதுல உம் பேரு இருந்தா அடுத்த தபா நீயும் சேந்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. அர்ச்சுனன் முதலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். செல்லியம்மாளுக்கு மகன் பிறந்தது நன்றாக நினைவிருந்தது. தேதிதான் நினைவில்லை.

"சாமைக் கதிரு களத்துல கெடந்துது. மழை வெளுத்து வாங்குது. உங்கப்பன் உப்பு வாங்க கீழ போய்ட்டாரு. திங்கக்கெழமை நீ பொறந்தே."

"ஐப்பசில எத்தினியாவது திங்கக்கெழமை? தீவாளிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அந்த வருசம் நமக்கு இன்னாடா தீவாளி! உப்பே இல்லன்றேன்."

ஆக, ஐப்பசி மாதத்தில் நான்கு திங்கட்கிழமை. அதில் ஒன்று அவனுடையது. எது என்று தெரியாது.

மணியக்காரர் கண்ணாயிரம் கலசப்பாக்கம் பக்கத்தில் மலையடிவார ஊரில் இருந்தார். அர்ச்சுனன் ஊரிலிருந்து காட்டுப் பாதையில் இறங்க மூன்று மணி நேரம், ஏற ஐந்து மணி நேரம். வரி வாங்க வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்கு வருவார், மற்றபடி வரமாட்டார். மேலே யார் பிறந்தார்கள் என்று அவருக்குச் சொல்ல யாரும் எட்டு மணி நேரம் நடந்ததில்லை. ஐம்பத்தொன்றாம் வருஷத்துப் புத்தகத்தில் அர்ச்சுனனின் ஊர்ப் பெயரே இல்லை. முன்னாலும் பின்னாலும் புரட்டினார்கள். முப்பது வருஷத்தில் அந்த ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. போலீஸ் வந்த இரண்டு சாவு மட்டும் எழுதியிருந்தது. மூன்று வயதில் காய்ச்சலில் போன அவன் தங்கை பிறந்ததாகவும் இல்லை, இறந்ததாகவும் இல்லை. அர்ச்சுனன் இன்னொரு முறை முதலிலிருந்து புரட்டினான்.

"உங்கப்பா வேற யார்கிட்டயாவது சொல்லி, பக்கத்து ஊரு பேர்ல எழுதிட்டாங்களோ இன்னாவோ" என்றார் கண்ணாயிரம். "மலைக்கே பத்து பதினஞ்சு புஸ்தகம் பரண்ல கெடக்குது. எனக்கு இடுப்பு வலி. வர்றப்பல்லாம் ஒண்ணொண்ணா எறக்கித் தர்றேன், பாரு. ஆனா எனக்கு ஒண்ணு செய்யணும்."

"சொல்லுங்க."

"வருசா வருசம் தாசில்தாரு என்னைத்தான் காய்ச்சறாரு. 'ஏன்யா, உம் மலையில பொறப்பே காணோமே, அங்க எல்லாரும் மானத்துலேர்ந்து குதிக்கறாங்களா'ன்னு கேக்கறாரு. நீ கீழ வர்றப்ப அங்க பொறந்த புள்ளைங்களைச் சொல்லிட்டுப் போ. நான் எழுதிக்கறேன், நீ கையெழுத்துப் போடு."

பேரம் படிந்தது. ஊரார் பிள்ளைகளைச் சொல்வது, அதற்குப் பதிலாகத் தன் பெயரைத் தேடிக்கொள்வது. அர்ச்சுனன் முதலில் எழுத வைத்தது தன் மகள் சம்பூர்ணத்தை. அந்தப் புரட்டாசியில்தான் அவள் பிறந்திருந்தாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை, இரண்டு முறை என்று இறங்கினான். போகிற வழியில் யார் வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வான். மணியக்காரரிடம் போய் ஒப்புக்கு இரண்டு பெயரைச் சொல்வான். அப்புறம் தூசு தட்டிப் பழைய புத்தகத்தில் விழுந்துவிடுவான்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் அப்படித்தான் போயிருந்தான். கையில் பக்கத்து ஊர்ப் புத்தகம். அதில் 'பஞ்சாட்சரம்' என்று ஒரு பெயரைப் பார்த்துவிட்டு அந்த வரியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பார்த்தால் அது வேறு பஞ்சாட்சரம்.

"இந்த மாசம் யாரு?" என்றார் கண்ணாயிரம்.

"எங்க பக்கத்து வூட்டு சின்னராசு பொஞ்சாதி மங்கம்மாளுக்குப் பொண்ணுங்க."

"என்னிக்கு?"

"போன வாரம்ங்க."

"போன வாரத்துல என்னிக்கு?"

"தெரியலீங்க" என்றான், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி, ஒண்ணாந்தேதின்னு போட்டுடவா?"

அர்ச்சுனன் தலையை ஆட்டினான்.

ஆட்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. இப்படித்தானே ஒருவர் தன் தலையிலும் ஒண்ணாந்தேதியைக் கட்டினார். அந்த வாத்தியாரை எத்தனை நாள் வாயாரத் திட்டியிருப்பான். இப்போது அவனே நோகாமல் தலையாட்டிக்கொண்டு நிற்கிறான். அவமானமாக இருந்தது. மணியக்காரர் பேனாவை மையில் தோய்த்துவிட்டார்.

"இருங்க, எழுதாதீங்க. கேட்டுனு வர்றேன்."

"இதைக் கேக்க மலை ஏறப்போறியா?"

ஏறினான். மங்கம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"தேதியா? களை எடுத்துனு இருந்தேண்ணா, இடுப்பு வலி எடுத்துக்கிச்சு. மேல் வளைவுல பஸ்ஸு நின்னு போய் ஜனங்கல்லாம் எறங்கித் தள்ளினாங்களே, அன்னிக்குதான்."

அர்ச்சுனன் ஜமுனாமரத்தூருக்குப் போய் பஸ்ஸுக்காகக் காத்திருந்து கண்டக்டரைப் பிடித்தான். பஸ்ஸைத் தள்ளிய நாளை எந்தக் கண்டக்டர் மறப்பான்? ஜூலை இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை. அதை மனதில் முடிந்துகொண்டு மறுபடி கீழே இறங்கினான். மூன்று நாள் கூலி போயிற்று.

"இதுக்கா திரும்பி வந்தே?" என்று கேட்டார் கண்ணாயிரம்.

"அந்தப் பொண்ணு நாளைக்கி என்னை மாதிரி அலையக் கூடாதுங்க."

செல்லம்மா என்று பெயர் வைத்தார்கள் அந்தப் பெண்ணுக்கு. ஜூலை இருபத்தேழு என்று எழுதி, கீழே அர்ச்சுனன் கையெழுத்துப் போட்டான். அன்றைக்குப் பழைய புத்தகம் எதையும் கேட்காமல் வீடு திரும்பினான். ஆசை அற்றுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த மாதம் கேட்டான். ஆனால் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒப்புக்குச் சொல்கிற வேலை நின்றுபோனது. கண்ணமங்கலத்து மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் ஒன்று அவன் வீட்டில் தொங்கியது. சுற்றிலும் இருந்த ஐந்து ஊர்களிலும் சொல்லி வைத்தான், பிள்ளை பிறந்த அன்றைக்கே ஆள் வந்து அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று. தாளைக் கூரை மூங்கிலில் செருகி வைத்திருப்பார்கள். அவன் போய் வாங்கிக்கொண்டு இறங்குவான். பெயர் தெரியாதவர்கள்கூட "தாளு வாங்க வர்ற அண்ணன்" என்று அவனைச் சொன்னார்கள்.

எல்லாரும் ஓடி வந்து தாளைக் கொடுத்துவிடவும் இல்லை. அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று மலையெல்லாம் பேச்சாகக் கிடந்த காலம். மூன்றாவது பிள்ளை பெற்றவள் கதவைச் சாத்திக்கொண்டாள். "எழுதிக் குடுத்துட்டு எம் புருசனை ஆபரேசனுக்கு இட்டுனு போகவா?" என்று ஒருத்தி உலக்கையோடு வந்தாள். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அர்ச்சுனனும் சாது இல்லை. "உம் புள்ள நாளைக்கி ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்தவன்னு எழுதிக்கினு தெருத் தெருவா நிக்கட்டும், எனக்கு இன்னா" என்று கத்திவிட்டு வருவான். பாதி வழியில் மனசு கேட்காது, திரும்பிப் போவான். வேலியோரமாக நின்று தான் பட்ட கதையைச் சொல்வான். முதல் ஆளாக ஓடி வந்தும் வெறுங்கையோடு வந்ததைச் சொல்லும்போது அவன் குரல் கம்மிவிடும். அதைக் கேட்டுத்தான் அநேகம் பேர் தாளைக் கொடுத்தார்கள்.

செந்தாமரைக்குப் புருஷன் மேல் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு. இரண்டும் ஒரே வாயில்தான் வரும்.

"ஊரான் வூட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் தாளு கிழிச்சிக் குடுக்கறே மாமா. உனக்குக் கிழிக்க ஒரு தாளு கீதா அதுல?"

கேலியாகத்தான் கேட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஐப்பசி மாதம் வந்தால் திங்கட்கிழமைத் தாள்களை மட்டும் அவன் கிழித்து எறியாமல் எடுத்து வைப்பதை அவள் அறிவாள். நான்கு தாள். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இது அன்று மழை பெய்த திங்களா, அதுவா. நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக்கூட ஒரு நாள் இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை என்று அந்த மாதம் முழுவதும் மனசு ஏங்கிக்கொண்டிருக்கும். வளைவில் பிலிப்ராஜின் காக்கிச் சட்டையைப் பார்த்தால் அந்த ஏக்கம் இன்னும் கூடும். அதை அவன் யாரிடமும் மறைத்ததுமில்லை.

எண்பதாம் வருஷம் ஜூனில் சம்பூர்ணத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனான். கையில் மணியக்காரர் எழுதிக் கொடுத்த பிறப்புச் சீட்டு. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு சீட்டு வந்தது அதுதான் முதல் தடவை. புது வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பல்லாம் அஞ்சு முடிஞ்சாதான் சேக்கலாம். அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்குதே. சீட்டை உள்ள வெய்யி. சும்மா ஒரு தேதி போட்டுச் சேத்துக்கறேன்."

"வேணாங்க" என்றான் அர்ச்சுனன். "அடுத்த வருசம் இட்டாறேன்."

வீட்டுக்கு வருகிற வரை சம்பூர்ணம் அழுதாள். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டில் செந்தாமரை அன்றைக்குப் பாத்திரத்தை ஓசைப்பட உருட்டினாள்.

அந்தப் புரட்டாசியில் பிலிப்ராஜ் மூச்சு வாங்க வீட்டுக்கே வந்தான். கார்டு வேலைக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். மலைக்காரர்களுக்கு ஐந்து வருஷம் தளர்த்தி முப்பது ஆக்கியிருக்கிறார்கள். அர்ச்சுனன் விரல் விட்டு எண்ணினான். ஜூலை ஒன்றாம் தேதிக்கு முப்பது தாண்டியிருக்கக் கூடாது. சான்றிதழ்ப்படி ஜூன் ஒன்றாம் தேதியே முப்பது முடிந்துவிட்டது. மறுபடியும் அதே ஒரு மாதம். உண்மைப்படி அவனுக்கு இருபத்தொன்பதுகூட ஆகவில்லை. அர்ச்சுனன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"இதுக்கப்பறம் உனக்கு வாய்ப்பே இல்ல அர்ச்சுனா" என்றான் பிலிப்ராஜ். "பத்து நாளு கீது. மணியக்காரர் உனக்கு செய்வாரு. போய்ப் பாரு."

அவன் போன பிறகு செந்தாமரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இந்தத் தபா எழுதினு வந்துடு."

"புஸ்தகத்துல இல்லாததை எப்படி எழுதறது?"

"பொய்யா எழுதச் சொல்றேன்? நீ பொறந்தது நெசந்தானே?"

பிறந்தது நிஜம்தான். ஐப்பசியும் நிஜம், திங்களும் நிஜம். நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டால் யார் குடி கெட்டுப்போகும்? பழைய பஞ்சாங்கம் வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு இரண்டாவது திங்களைத் தேர்ந்தெடுத்தான். ஐப்பசி பன்னிரண்டு. அக்டோபர் இருபத்தொன்பது. ஏன் அது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சொல்லிப் பார்த்தபோது வாய்க்கு நன்றாக இருந்தது. மூன்று நாளும் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் விடியற்காலையில் கிளம்பினான். கிளம்பும்போது, புதிதாகப் பிள்ளை பெற்ற மணியம்மாள் வீட்டில் வாங்கி வைத்திருந்த காலண்டர் தாளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போகிறதுதான் போகிறோம், அந்தப் பிள்ளையையும் எழுதிவிட்டு வரலாம்.

இறங்குகிற வழியெல்லாம் சந்தோஷமாகவே இருந்தான். காக்கி எப்படித் தைக்கக் கொடுப்பது என்றுகூட யோசித்தான்.

கண்ணாயிரம் இவனை எதிர்பார்த்திருந்தார். மேஜை மேல் ஐம்பத்தொன்றாம் வருஷத்துப் புத்தகம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. இடுப்பு வலியோடு அவரே பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்.

"பிலிப்ராஜு சொல்லிட்டுப் போனான்" என்றார். "இதைப் பாரு. எங்கப்பா காலத்துப் புஸ்தகம். மாசக் கடைசியில ரெண்டு வரி வுட்டுட்டுத்தான் அடுத்த மாசம் ஆரம்பிப்பாரு, அது அவரு வழக்கம். அக்டோபர் கீழ ரெண்டு வரி காலியா கீது. மசியில தண்ணி கலந்து வெச்சிருக்கேன், பழசு மாதிரியே விழும். எங்க உத்தியோகத்தையே எடுக்கப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது. நான் வூட்டுக்குப் போறவன், எனக்கு எந்தப் பயமும் இல்ல. அஞ்சு வருசமா எனக்காக மலை ஏறி எறங்கினவன் நீ. இதைச் செய்யாம போனா எனக்கு மனசு ஆறாது. சொல்லு, எந்தத் தேதி?"

இப்படி ஒருவர் தன்னைக் கேட்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தான். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல இந்தப் புள்ளையை எழுதிடுங்க" என்றான்.

மணியக்காரர் புதுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து மணியம்மாள் பிள்ளையை எழுதினார். தகவல் சொன்னவர் என்ற கட்டத்தில் அர்ச்சுனன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பக்கத்தைப் பின்னால் புரட்டினான். அதற்கும் பின்னால் புரட்டினான். அந்தக் கட்டம் பூராவும் அவன் கையெழுத்துதான். அறுபத்தைந்து பிள்ளைகள். கோணலாக ஆரம்பித்த கையெழுத்து போகப் போக நேராகியிருந்தது.

"உங்களுக்கு அப்பறம் வர்றவரு இந்தப் புஸ்தகத்தையெல்லாம் பாப்பாருங்களா?"

"பாக்காம? பொறுப்பு எடுத்துக்கறப்ப பக்கம் பக்கமா பாப்பாங்க. தாலுகா ஆபீசுல ஒரு நகலு இருக்கணும், அம்பத்தொண்ணு நகலைக் கரையான் தின்னுருக்கும்னு நெனைக்கறேன்."

"தின்னாம இருந்தா?"

கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவனிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இருந்தா, இந்த வரி பொய்யின்னு தெரியும். யாருக்காக எழுதினதுன்னும் தெரியும். அப்பறம் அந்த ஆளு கையெழுத்துப் போட்டது எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. ஆனா அதெல்லாம் நடக்கும்னு இன்னா நிச்சயம்? நீ அதுக்குள்ள வேலையில சேந்துருப்பே."

நடக்காமலும் போகலாம். அர்ச்சுனன் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றான். நடக்காது, நடக்காது என்று மனசு கெஞ்சியது. ஐந்து வருஷ ஏக்கம், இல்லை, அதற்கு முந்தியே ஆரம்பித்த ஏக்கம். காக்கி, சம்பளம், செந்தாமரையின் முகம். எல்லாவற்றுக்கும் மேலே, தனக்கென்று ஒரு நாள். அது இதோ ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் அறுபத்தைந்து பிள்ளைகளின் நாள். அதில் தெரிந்து சொன்ன பொய் ஒன்றுகூட இல்லை. மங்கம்மாள் மகளுக்காக எட்டு மணி நேரம் நடந்தான், கதவைச் சாத்தினவள் வீட்டு வேலியில் நின்று கெஞ்சினான். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் பெரிதாகி எங்கோ ஒரு மேஜை முன்னால் நிற்கும்போது, இந்தச் சீட்டை நம்ப முடியாது, இதை எழுத வைத்தவன் பொய்யன் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால்?

பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை மேஜையில் விழுந்தது.

"எழுத வேணாங்க" என்றான்.

"பைத்தியமாடா உனக்கு? இன்னொரு தபா வராதுடா!"

"தெரியுங்க."

"நல்லா யோசிச்சிதான் சொல்றியா?"

"இன்னும் கேக்காதீங்க, மூடிடுங்க" என்று கத்திவிட்டான் அர்ச்சுனன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது. முப்பது வயது ஆகிவிட்டது என்று அரசாங்கம் சொல்கிற ஆள், மணியக்காரர் மேஜை முன்னால் நின்று சின்னப் பிள்ளைபோல அழுதான். கண்ணாயிரம் அவனைத் தேற்றவில்லை. பேனாவைத் துடைத்து வைத்தார். தண்ணீர் கலந்த மசியை வாசலில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பழைய புத்தகத்தை மூடப்போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றான் அர்ச்சுனன். முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எழுத வேணாம். எழுதின மாதிரி ஒரு தபா படிங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

கண்ணாயிரம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைக் கேட்டார். அவன் சொன்னான். அக்டோபர் மாதத்துக்குக் கீழே இருந்த காலி வரியில் விரலை வைத்து, தாசில்தார் முன்னால் படிக்கிற குரலில், ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே படித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு, அக்டோபர் இருபத்தொம்பது, திங்கட்கிழமை. ஆண் குழந்தை. பெயர் அர்ச்சுனன். தகப்பனார் பஞ்சாட்சரம். தாயார் செல்லியம்மாள்."

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இன்னொரு தபா படிங்க" என்றான்.

கண்ணாயிரம் விரலை மறுபடியும் வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்.